கோர்ட் தாள் வேறு, கோயில் தாள் வேறு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில் என் வழக்கறிஞர் அலுவலகம். கீழே கோப்பிக் கடை. மணவிலக்குக்காகப் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், ஈபிஎஃப் (சேமநிதி) பேப்பர் எல்லாம் அதற்குள் கசங்கிக் கிடக்கும்.

அப்படி வந்த ஒரு கத்தோலிக்கத் தங்கச்சியைப் பற்றிச் சொல்கிறேன். கோயில் என்று இங்கே நான் சொல்வது மாதா கோயிலைத்தான். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள், இப்போது ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வேறொரு லோயர் மூலம் வாங்கிய டிக்ரி நைசையை மேசையில் வைத்தாள். "கோர்ட்ல முடிஞ்சிருச்சு மேடம். இத ஃபாதர்கிட்ட குடுத்தா கோயில்லயும் கேன்சல் ஆயிருமில்ல?"

ஆகாது. போதாக்குறைக்கு, கோர்ட்டிலேயே இன்னும் முடியவில்லை. டிக்ரி நைசை என்பது பாதித் தீர்ப்புதான். சாதாரணமாக மூன்று மாதம் கழிந்த பிறகுதான் அது முழுத் தீர்ப்பாகும், அதற்கு டிக்ரி அப்சலூட் என்று பேர். அந்தத் தாள் வரும்வரை நீங்கள் சட்டப்படி கணவன் மனைவிதான். நடுவில் இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது, குற்றமும்கூட.

இந்தக் குழப்பத்துக்கு நம் சட்டமே ஒரு காரணம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம், மணவிலக்கு இரண்டையும் கவனிக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டம், ஆக்ட் 164, 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சாமியாரையே, அதாவது ஃபாதரையே, துணைப் பதிவாளராக நியமிக்க அதில் இடம் உண்டு. பூசை முடிந்த கையோடு அதே கோயிலில் அரசாங்கப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். ஒரே நாளில் போட்ட முடிச்சு ஒரே தாளில் அவிழும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

ஆனால் கோர்ட்டும் கோயிலும் கேட்கும் கேள்வியே வேறு. "இந்தக் கல்யாணம் இனிமேல் தேறுமா?" என்பது கோர்ட்டின் கேள்வி. கள்ளத் தொடர்பு, சேர்ந்து வாழ முடியாத நடத்தை, இரண்டு வருஷம் விட்டுவிட்டுப் போனது, இரண்டு வருஷம் பிரிந்திருந்தது, எல்லாமே தாலி கட்டிய பிறகு நடந்த கதை. திருச்சபை அந்தக் கதையைக் கடந்து பின்னால் போகும். "அன்றைக்குப் பீடத்தின் முன்னால் சம்மதம் என்று சொன்னீர்களே, அது உண்மையான, முழுச் சம்மதம்தானா?" சம்மதத்தில் பெரிய குறை இருந்தது என்று நிரூபணமானால், திருமணப் பந்தம் ஆரம்பத்திலிருந்தே உண்டாகவில்லை என்று அறிவிப்பார்கள். அதைத்தான் நாம் அனல்மெண்ட் என்கிறோம். அது கோயில் கொடுக்கும் டைவர்ஸ் இல்லை.

அந்தத் தங்கச்சியின் வீட்டுக்காரர் கல்யாணமாகி ஏழாம் வருஷம் வேறொரு பெண்ணோடு போய்விட்டார். கோர்ட்டுக்கு அது போதும். கோயிலுக்கு அது மட்டும் போதாது. பிறகு வந்த துரோகம் அன்றைய சம்மதத்தைப் பொய்யாக்காது. கட்டாயப்படுத்தியோ பயமுறுத்தியோ நடந்த கல்யாணமா, முக்கியமான ஒன்றை மறைத்து ஏமாற்றினார்களா, பிள்ளையே வேண்டாம், உண்மையாக இருக்கப்போவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டே மோதிரம் மாற்றினாரா, பொறுப்பை எடைபோடவோ சுமக்கவோ முடியாத மனநிலையா என்றுதான் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் பார்க்கும்.

"கல்யாணத்துக்கு முந்தின மாசம் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள். அவருக்கு முன்னாலேயே ஒருத்தியோடு பழக்கம் இருந்திருக்கிறது. இவளைக் கட்டாவிட்டால் மருந்தைக் குடித்துவிடுவேன் என்று அவர் அம்மா குப்பியைக் கையில் எடுத்திருக்கிறார். அதை நேரில் பார்த்தவர் அவருடைய சொந்த அத்தை. இத்தனை வருஷமாக யாரும் வாய் திறக்கவில்லை.

கோயில் வழக்குக்கு வேண்டியது இந்த அத்தை போன்ற சாட்சிதான். கல்யாணத்துக்கு முன்பே இருவரையும் அறிந்தவர்கள், அந்த நாளில் கூட இருந்தவர்கள். அவளிடம் ஒரு பிஸ்கட் டின்னும் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, அவர் எழுதிய மூன்று கடிதங்கள், திரை கீறிய பழைய கைப்பேசி ஒன்று. "எல்லாத்தையும் கொளுத்திட்டுத் தல முழுகு" என்று அவள் அம்மா நச்சரித்துக்கொண்டிருந்தாராம். நல்லவேளை, டின்னைக் கொளுத்தவில்லை. கோபத்தில் கொளுத்திவிட்டு வந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, இது என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும்தான். கோர்ட் மனுவில் "ஆரம்ப வருடங்களில் இருவரும் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர்" என்று பழைய மனுவைப் பார்த்து அப்படியே அடித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது பொய்யென்றால் எழுதாதீர்கள். கட்சிக்காரர் நாளைக்குக் கோயில் வழக்கை விசாரிக்கும் மறைமாவட்ட (ஆயரின் ஆட்சிப் பகுதி) நீதிமன்றத்தில் நேர்மாறாகச் சொல்ல நேர்ந்தால் சங்கடப்படுவது அவர்தான்.

கோர்ட் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவரும் ஒத்துக்கொண்டால் ஜாய்ண்ட் பெட்டிஷன், அதுதான் வேகம். ஒருவர் மட்டும் போனால் முதலில் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போகவேண்டும், அதற்கு ஆறு மாதம் வரை ஆகலாம். ஆள் விட்டுவிட்டுப் போய் எங்கே என்றே தெரியாவிட்டால், இன்னும் சில நிலைமைகளிலும், அதற்கு விலக்கு உண்டு. வழக்கு நடப்பது உயர்நீதிமன்றத்தில், எங்கள் பக்கத்துக்கு ஈப்போ. லோயருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவித் துறையில் கேட்டுப் பார்க்கலாம். சொத்து, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் வளர்வது, இதிலெல்லாம் கோயில் தீர்ப்புக்கு எந்த அதிகாரமும் இல்லை.

ஆகவே முதலில் கோர்ட், பிறகு கோயில். இந்த உறவு இனி ஒட்டாது என்று தெரிந்த பிறகே திருச்சபை வழக்கை எடுக்கும், அதற்குப் பொதுவாகக் கேட்பது கோர்ட் ஆணையைத்தான். அதற்காகப் பங்குச் சாமியாரிடம் பேசாமலே இருக்காதீர்கள். மனு எழுத, சாட்சிகளைத் திரட்ட எப்படியும் மாதக்கணக்காகும்.

"அவர் சிங்கப்பூர்ல இருக்காரு, வரமாட்டாரு" என்றாள். வராவிட்டாலும் நடக்கும். கல்யாணம் நடந்த இடம், இருவரில் ஒருவர் குடியிருக்கும் இடம், சாட்சியங்கள் பெரும்பாலும் கிடைக்கும் இடம், இவற்றில் எந்த மறைமாவட்டத்திலும் மனுப் போடலாம். பேராக் மாநிலம் பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது, அவளுக்கு அதுவே போதும். அவருக்கு அறிவிப்பு கட்டாயம் போகும், அது அவர் உரிமை. ஆனால் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து விசாரிக்க மாட்டார்கள். அடி வாங்கி ஓடிவந்த பெண்கள் இதைக் கேட்டதும்தான் மூச்சு விடுவார்கள். திருமணப் பந்தத்துக்காக வாதாடவென்றே அங்கே ஓர் அதிகாரி இருப்பார், அவர் துருவிக் கேட்பதைப் பகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முன்பெல்லாம் இரண்டு நீதிமன்றங்கள் ஒரே முடிவைச் சொல்லவேண்டும். போப் பிரான்சிஸ் கொண்டுவந்த மாற்றத்தால் 2015 டிசம்பர் 8 முதல், யாரும் மேல்முறையீடு செய்யாவிட்டால் ஒரே தீர்ப்பு போதும். முதல் நீதிமன்றம் ஒரு வருஷத்துக்குள் முடிக்கவேண்டும் என்பது விதி. அதை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு சாமியாரை விரட்டாதீர்கள், சாட்சி இழுத்தடித்தால் வழக்கும் இழுக்கும்.

கத்தோலிக்கர் ஒருவர் திருச்சபையிடம் விலக்கு அனுமதி எதுவும் வாங்காமல், அம்மன் கோயிலிலோ பதிவிலாகாவிலோ மட்டும் கல்யாணம் செய்திருந்தால் கதையே வேறு. அதைச் சில ஆவணங்களை வைத்தே முடித்துவிடலாம். ஆனாலும் சாமியாரைப் பார்க்காமல் நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

எழுந்து போகும்போதுதான் அவள் மெதுவாகக் கேட்டாள். "பிள்ளைங்க தகப்பன் பேரு இல்லாததுங்க மாதிரி ஆயிடுமா மேடம்?" இல்லவே இல்லை. அனல்மெண்ட் கிடைத்தாலும் பிள்ளைகள் முறையாகப் பிறந்த பிள்ளைகள்தான், திருச்சபைச் சட்டமே அப்படிச் சொல்கிறது. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறாது. பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குவதைக்கூட அவள் நிறுத்தியிருந்தாள். பிரிந்துவந்த நாளிலிருந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வரிசை நகரும்போது தலையைக் குனிந்துகொள்வாளாம். மணவிலக்கு வாங்கிவிட்டோம் என்பதற்காக மட்டும் யாரும் நன்மையை நிறுத்தவேண்டியதில்லை. மறுமணம் செய்யாத, வேறொருவரோடு வாழாத இவளுக்கு அந்தத் தடை ஒருநாளும் இருந்ததில்லை. யாரோ சொன்னதை நம்பி இரண்டு வருஷம்.

கோயில் தீர்ப்பு கைக்கு வந்ததும் கடைசி வரிவரை வாசியுங்கள். அனுமதி இல்லாமல் மறுமணம் கூடாது என்று சிலருக்கு அதில் ஒரு தடை சேர்த்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் ஒருவர் கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கத் தேதி கேட்டுவிட்டு மண்டபத்துக்கும் முன்பணம் கட்டிவிட்டார். அனுமதி பிறகு வந்தது. முன்பணம் வரவில்லை.