அறையில் 21 டிகிரி, ஆனாலும் குளிர்கிறது

ஸ்வீடனில் ஜனவரி 13 க்னூட் நாள். கிறிஸ்துமஸ் அன்றோடு முடிந்தது என்று கணக்கு. குழந்தைகள் மரத்தைச் சுற்றி ஆடிப்பாடி, கிளைகளில் தொங்கும் மிட்டாய்களைப் பறித்துத் தின்பார்கள். பிறகு மரம் வீட்டைவிட்டு வெளியேறும். ஜன்னலில் தொங்கிய காகித நட்சத்திர விளக்கும் பரணுக்குப் போய்விடும். குளிர் மட்டும் போகாது. அந்த வாரத்தில் ஸ்டாக்ஹோமில் சூரியன் காலை எட்டரைக்கு மேல் எழுந்து, பிற்பகல் மூன்றரைக்கு முன்பே மறைந்துவிடும். பிப்ரவரி முழுக்க இன்னும் பாக்கி இருக்கிறது.

மரத்தை எடுத்த மறுநாள் அதே சோபாவில் உட்கார்ந்தால், குளிர் கொஞ்சம் கூடிவிட்டதுபோல் தோன்றும். சுவரில் இருக்கும் தெர்மாமீட்டர் நேற்றுக் காட்டிய 21 டிகிரியைத்தான் இன்றும் காட்டுகிறது. மனப்பிரமை என்று தள்ளிவிட வேண்டாம். தெர்மாமீட்டர் காற்றை அளக்கிறது. உடம்பு தன் இழப்பை அளக்கிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். அது மெதுவாகப் போனால் இதமாக இருக்கிறது, வேகமாகப் போனால் குளிர்கிறது. கம்பளிப் போர்வையில் நெருப்பு ஏதும் இல்லை. அதற்குள் இருக்கும் அடுப்பு நாம்தான்.

அந்த 100 வாட்டில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிர்வீச்சாகப் போகிறது. தோல் சுமார் 33 டிகிரியில் சுவர், கூரை, ஜன்னல் எல்லாவற்றுக்கும் வெப்பத்தை வீசுகிறது. அவையும் பதிலுக்கு வீசுகின்றன. சுவர் கொடுப்பது கிட்டத்தட்ட ஈடாகும். கண்ணாடி கஞ்சன். வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் உறைநிலைக்கும் கீழே இருக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடி 10 டிகிரியை ஒட்டியும், நல்ல மூன்றடுக்குக் கண்ணாடி 16 டிகிரியை ஒட்டியும் இருக்கும்.

இதைச் சோதிக்க ஒரு அட்டை போதும். இரவில் ஜன்னலுக்கு ஒரு சாண் தூரத்தில் கன்னத்தை வைத்துக் கொஞ்சம் பொறுத்திருங்கள். கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவில் அட்டையை நீட்டியதும் கன்னத்தில் குளிர் விட்டுப்போகும். காற்றின் வெப்பநிலை அதற்குள் மாறிவிடவில்லை. கன்னம் இப்போது அறையின் சூட்டில் இருக்கும் அட்டையைப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஜன்னலோரம் நின்ற கிறிஸ்துமஸ் மரமும் இந்த அட்டையின் வேலையைத்தான் ஓரளவு செய்துகொண்டிருந்தது.

மரம் போன இடத்துக்குத் தடித்த திரைச்சீலை வரலாம். ஆனால் அதன் நீளத்தைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியைத் தொட்ட காற்று குளிர்ந்து, கனத்து, கீழே வழிந்து தரையோடு ஊர்ந்து கணுக்காலைப் பிடிக்கும். அதை மறிப்பதற்காகவே அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை ஜன்னலுக்கு அடியில் பொருத்துகிறார்கள். திரை தரைவரை தொங்கினால் ரேடியேட்டரின் சூடு திரைக்குப் பின்னால் ஏறிக் கண்ணாடிக்குத்தான் போகும். அலங்காரப் பத்திரிகைப் படங்களில் திரைச்சீலை எப்போதும் தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. படம் எடுப்பவருக்குக் கால் குளிராது போலும்.

கால் என்றதும் தரை. ஓடு, மரப்பலகை, கம்பளம் மூன்றும் 20 டிகிரியில் இருக்கின்றன. வெறுங்கால் 30 டிகிரி. ஓட்டில் வைத்த கணத்தில் தொடும் இடம் சுமார் 25 டிகிரிக்கு இறங்கும், பலகையில் 27, கம்பளத்தில் 29. ஓடு வெப்பத்தை வாங்கி உள்ளே கடத்திக்கொண்டே இருப்பதால் இந்த வித்தியாசம். கம்பளத்தில் பெரும்பகுதி காற்றுதான். காற்றை இழைகளுக்குள் அசையாமல் கட்டிப்போட்டால் அது வெப்பத்தைக் கடத்தச் சோம்பல்படும். நாற்காலியில் விரிக்கும் ஆட்டுத்தோலிலும் இதே கதை. ஆட்டு ரோமத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீராவியை வாங்கிக்கொண்டும் ஈரமாகத் தெரியாது, வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் விடும்.

சுவருக்குச் சிவப்பு, ஆரஞ்சு அடித்தால் சூடாகத் தோன்றுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான பதில்களையே தந்திருக்கின்றன. பெயின்ட் செலவைத் திரைச்சீலையில் போடுவது மேல்.

வெளிச்சத்தின் நிறம் வேறு விஷயம். மரத்தோடு சின்ன விளக்குகளும் போய்விட்டன என்று கூரை விளக்கைப் போட்டால், கூடம் மருத்துவமனை வரவேற்பறை ஆகிவிடும். பார்வைக்கான கூம்பு, குச்சி செல்களைத் தவிர, விழித்திரையில் நேரடியாக ஒளியை உணரும் இன்னொரு வகை நரம்பு செல்கள் இருப்பதை 2002இல் உறுதிசெய்தார்கள். மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட அவை, 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு அதிகம் விழிக்கும். நீலம் பட்டால் மூளை இன்னும் பகல் என்று எடுத்துக்கொள்ளும். உடலுக்கு இரவைச் சொல்லும் மெலட்டோனின் ஹார்மோனின் சுரப்பு தள்ளிப்போகும். ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவுக்கு நிற வெப்பநிலை என்று பெயர்; நண்பகல் ஒளிக்கு அது சுமார் 5,500 கெல்வின், குண்டு பல்புக்கு 2,700, மெழுகுவர்த்திக்கு 1,900. எண் இறங்க இறங்க நீலமும் இறங்கும். மாலையில் மேசை உயரத்தில் இரண்டு மூன்று மங்கல் விளக்குகள் போதும். காலையில் நேர்மாறாக, பளிச்சென்ற வெளிச்சம் வேண்டும்.

மெழுகுவர்த்தி ஒன்று ஏறக்குறைய 80 வாட் வெப்பம் தரும் என்பதால், நான்கு ஏற்றினால் மூன்று விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த கணக்கு. காற்று வீசும் இடத்தில் வைத்தால் சுடர் ஆடிக் கரியைக் கக்கும். திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டி, திரைச்சீலைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

ஜனவரியில் ஸ்வீடன் கடைகளில் டியூலிப் கட்டுகள் குவியும். குளிர்ந்தால் அதிக நாள் தாங்கும் பூ அது. ஜன்னல் திட்டு அதற்கு நல்ல இடம். டியூலிப் இதழின் உட்புறம் சூட்டில் வேகமாக வளர்கிறது, வெளிப்புறம் குளிரில் வேகமாக வளர்கிறது. எனவே சூடேறினால் பூ விரியும், குளிர்ந்தால் மூடும். இரவில் திட்டில் கூம்பி நிற்கும் பூவைக் காலையில் சாப்பாட்டு மேசைக்கு எடுத்துவந்தால், காபி குடித்து முடிப்பதற்குள் இதழ்கள் விலகத் தொடங்கியிருக்கும். தெர்மாமீட்டர் அப்போதும் 21 டிகிரியில்தான் நிற்கும்.