இரட்டைப் பிள்ளைகளுக்கும் எக்ஸ்ரே தனித்தனிதான்

"ரெண்டு பேரும் அச்சு அசல் ஒண்ணுதானே டாக்டர், ஒருத்தி எக்ஸ்ரேயை வச்சே ரெண்டு பேருக்கும் பார்த்துடுங்களேன்." தயவுசெய்து இனி இப்படிக் கேட்காதீர்கள்.

ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையர் என்றே வைத்துக்கொள்வோம். பல் எத்தனை பெரிது என்பதில் மரபணுவுக்குத்தான் பெரும்பங்கு. ஆனால் ஒரே வாயில் இடப்பல்லுக்கும் வலப்பல்லுக்கும் உள்ள வித்தியாசம் வேறு கணக்கு. இரு பக்கத்துக்கும் மரபணு ஒன்றுதானே? அப்படியும் அளவு மாறினால், பெரும்பாலும் பல் உருவாகும்போது நேரும் சின்னச் சின்னத் தற்செயல்களே காரணம். அவை மரபணுவோடு வருவதில்லை; இரட்டையரிலும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் சில இரட்டையரில் அக்காவுக்கு மேல்வரிசைப் பக்கவாட்டு வெட்டுப்பல் (நடு முன்பல்லுக்கு அடுத்த பல்) கூம்பாகச் சிறுத்திருக்க, தங்கைக்கு அந்தப் பல்லே இல்லாமல் போகிறது. பல்லில் வித்தியாசம் இருப்பதால் 'இவர்கள் ஒரு கரு இரட்டையர் இல்லை' என்றும் முடிவுகட்ட முடியாது. அதை டிஎன்ஏ பரிசோதனைதான் சொல்லும்.

கிரகணத்தில் வெளியே போனாள், சரியாகச் சாப்பிடவில்லை என்று தாயைக் குத்திக்காட்டுவதை நிறுத்துங்கள். அந்தப் பக்கவாட்டுப் பல்லில் சுண்ணமேறிக் கெட்டிப்படத் தொடங்குவதே குழந்தைக்கு 10-12 மாதம் ஆனபிறகுதான். சின்ன வயதில் புற்றுநோய் சிகிச்சை நடந்திருந்தால் மட்டும் மறக்காமல் சொல்லுங்கள், அது பல்லைச் சிறுக்க வைக்கும்.

முளைத்த பல் வளர்ந்து பெரிதாகாது. பல்லுக்கு அச்சு எடுத்து காலிப்பர் என்ற அளவுகோலால் இருமுறை அளந்து பார்த்தால், 0.1 மி.மீ. வித்தியாசம் அளப்பவர் கையிலேயே வந்துவிடும். அதற்கு வைத்தியம் தேவையில்லை. சராசரியாக 6.5 மி.மீ. அகலம் இருக்கவேண்டிய பக்கவாட்டுப் பல் ஒரு பக்கம் 5 மி.மீ. என்றால் கவனிக்கவேண்டும்.

ஏனென்றால், அந்தப் பல் சிறுத்த வாயில் பக்கத்துக் கோரைப்பல் வழிதவறி அண்ணப்பக்கம் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். 9-10 வயதில் இரு பிள்ளைகளையும் காட்டுங்கள். ஈறின்மேல் கோரைப்பல்லின் புடைப்பு இரு பக்கமும் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் எக்ஸ்ரே. சரியான நேரத்தில் பால் கோரைப்பல்லை எடுத்தாலே பலருக்கு வழி திறந்துவிடும். 14 வயதில் வந்தால் ஈறைக் கிழித்துப் பல்லை இழுக்கவேண்டியிருக்கும்.

சிறிய பல்லுக்கு ஈடாக மறுபக்கத்துப் பல்லை ராவச் சொல்லாதீர்கள். கிளிப் போடும் திட்டம் இருந்தால், இடைவெளி எங்கே எவ்வளவு வேண்டும் என்று முடிவுசெய்யும்முன் கம்போசிட் (பல் நிறப் பூச்சு) வைத்து அடைக்கவும் வேண்டாம்.

இரட்டையர் ஃபைலில் முழுப்பெயர் எழுதியிருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். ஒரே இனிஷியல், ஒரே பிறந்தநாள் என்பதால் ஒருவர் ஃபைல் மற்றவருக்கு மாறிவிடலாம். அக்காவின் அச்சில் செய்த ரீட்டெய்னர் (கிளிப் கழற்றியபின் பல் நகராமல் இருக்கப் போடுவது) தங்கைக்குப் பொருந்தாது.