நாமினி வேறு, வாரிசு வேறு

"உங்கள் கணக்குக்கு வாரிசுதாரரை நியமித்துவிட்டீர்களா?" வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியும் இதைத்தான் கேட்கிறது, காப்பீட்டு முகவர் நீட்டும் படிவமும் இதைத்தான் கேட்கிறது, யூடியூபில் முதலீட்டு யோசனை சொல்பவரும் இதைத்தான் கேட்கிறார். வாரிசை எங்கேயாவது நியமிக்க முடியுமா? பிறப்பாலும் திருமணத்தாலும் தத்தெடுப்பதாலும் வருகிறவர் வாரிசு. படிவத்தில் பெயர் எழுதுவதால் வருகிறவர் நாமினி. இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

சொல்லின் கதை சின்னது. லத்தீனில் 'நோமென்' என்றால் பெயர். அதன் வழியில் வந்த ஆங்கிலச் சொல் நாமினி, அதாவது பெயர் குறிக்கப்பட்டவர். வாரிசு அரபியிலிருந்து வந்தது. அங்கே 'வாரித்', பொருள் இங்கே உள்ளதேதான். வசூல், மகசூல், ஜமாபந்தி மாதிரி இதுவும் வந்து ஊறிவிட்ட சொல். சங்கப் பாடல்களிலேயே வாரிசுரிமைக்குத் 'தாயம்' என்ற சொல் இருக்கிறது. அதைத் தாயக்கட்டைக்குக் கொடுத்துவிட்டு, பங்காளிச் சண்டைக்கு மட்டும் 'தாயாதி'யை வைத்துக்கொண்டோம். சரி, அது போகட்டும். வாரிசு அயற்சொல் என்பதில் எனக்கு வருத்தமில்லை. தப்பான ஆள்மேல் அதை ஒட்டுவதுதான் வருத்தம்.

நாமினியின் வேலை என்ன? கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டால் வங்கிக்கு ஒரு சிக்கல்: பணத்தை யார் கையில் கொடுப்பது? வாரிசுகள் எத்தனை பேர், உயில் உண்டா, கோர்ட்டில் வழக்கு உண்டா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்க அதனால் முடியாது. நாமினியிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. பணம் யாருடையது என்பது தனிக் கேள்வி. அதற்கு உயில் பதில் சொல்லும், உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டம் பதில் சொல்லும். நாம் ஊரில் இல்லாதபோது நமக்கு வந்த கூரியரைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிற பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான் நாமினி. வாங்கினார் என்பதற்காகப் பெட்டி அவருடையது ஆகிவிடாது.

இது என் சொந்தக் கருத்து இல்லை. 1983 டிசம்பரில் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இறந்தவருக்குத் தாய், மனைவி, சிறுவயது மகன். ஆயுள் காப்பீட்டு பாலிசியில் நாமினி மனைவி மட்டும். பணத்தை வாங்கும் உரிமை மனைவிக்கு, ஆனால் பங்கு மூவருக்கும் என்பது தீர்ப்பு. (காப்பீட்டில் மட்டும் 2015இல் ஒரு மாற்றம் வந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.) கம்பெனிப் பங்குகளுக்கும் இதே கதிதான் என்று 2023 டிசம்பரில் சக்தி எஸ்தானி வழக்கில் உறுதி செய்தார்கள். நாற்பது வருஷமாக நீதிமன்றம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதே நாற்பது வருஷமாகப் படிவம் 'வாரிசுதாரர்' என்று அச்சடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் உறவில் ஒரு வீட்டில் இந்த அச்சு செய்த வேலையைப் பார்த்தேன். பெரியவர் போய்ச் சேர்ந்தார். உயில் இல்லை. வைப்புத்தொகைக்கு மூத்த மகன் நாமினி. வங்கிக்கு அடிக்கடி போய்வருகிறவன் அவன்தான் என்பதால் அவன் பெயரைப் போட்டிருந்தார், வேறு காரணம் கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு தங்கை மெதுவாகக் கேட்டாள். அண்ணி உள்ளே போய் ரசீதை எடுத்துவந்து, வாரிசுதாரர் என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினாள்: "மாமாவே எழுதிக் குடுத்துட்டாரும்மா. வாரிசுன்னு இவர் பேரைத்தானே போட்டிருக்கு?" தங்கைக்கு வாயடைத்துப் போயிற்று. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் எல்லாருக்கும் சமபங்கு என்பது அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை. அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன். அவள் எழுத்துக் கூட்டிச் சரியாகத்தான் படித்தாள்.

'வாரிசுதாரர்' என்ற சொல்லாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தார்' பாரசீக ஒட்டு, உடையவர் என்று பொருள். பங்கை உடையவர் பங்குதாரர், குத்தகையை உடையவர் குத்தகைதாரர், கணக்கை உடையவர் கணக்குதாரர். அப்படியானால் வாரிசுதாரர் யார்? வாரிசை உடையவர்! அதாவது செத்துப்போன ஆள். வாரிசு என்பதே ஆளைக் குறிக்கும் சொல்லாயிற்றே, அதன் தலையில் இன்னொரு 'தாரர்' எதற்கு? 'வாரிசு அரசியல்', 'வாரிசு வேலை' என்னும்போது உரிமையைத்தானே குறிக்கிறது என்று ஒருவர் வாதாடக்கூடும். இருக்கட்டும். அப்படிப் பார்த்தாலும் வாரிசுதாரர் 'வாரிசுரிமை உடையவர்' ஆவாரே தவிர நாமினி ஆகமாட்டார்.

இந்த ஒரு சொல்லின் முதுகில் இன்னும் எத்தனை மூட்டை! வட்டாட்சியர் தருவது வாரிசுச் சான்றிதழ். இன்னார் இறந்தவரின் வாரிசுகள் என்று அது சொல்லும். நீதிமன்றம் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி தருவது வேறு ஒன்று. இறந்தவருக்கு வரவேண்டிய கடன், பங்கு, பத்திரங்களை வசூலிக்க அது அதிகாரம் கொடுக்கும். அதையும் பல இடங்களில் 'வாரிசுச் சான்றிதழ்' என்றே மொழிபெயர்க்கிறார்கள். 'இறங்குரிமைச் சான்றிதழ்' என்று நல்ல சொல் இருந்தும் யாரும் தொடுவதில்லை. ஆக, வங்கிக் கவுன்ட்டரில் "வாரிசு பேப்பர் கொண்டாங்க" என்றால் எதை எடுத்துப்போவது? தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

குடும்பங்கள் மாறிவிட்ட காலத்தில் இந்தக் குழப்பம் இன்னும் கடிக்கிறது. மறுமணம், முதல் தாரத்துப் பிள்ளைகள், கல்யாணமே வேண்டாம் என்றிருப்பவர், மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள். வங்கிக் கணக்குக்கு நண்பரையும் நாமினியாகப் போடலாம். தன்பால் இணையர் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் விளக்கமே கொடுத்தது. படிவத்தில் 'வாரிசு' என்று பார்க்கிறவர், "அவர் எனக்குச் சொந்தம் இல்லையே" என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். இன்னொருவர் துணையின் பெயரை எழுதிவிட்டு, எல்லாம் முடிந்தது, உயில் எதற்கு என்று இருந்துவிடுகிறார். பின்னால் பெற்றவளோ பிள்ளைகளோ பங்கு கேட்டு வந்தால் அந்தத் துணை வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். (வருங்கால வைப்பு நிதியில் கதை வேறு. குடும்பம் இருந்தால் குடும்பத்தாரைத்தான் போடமுடியும், கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த நியமனம் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும்.)

மொழிபெயர்ப்பாளர்கள் இதையெல்லாம் எங்கே பார்க்கிறார்கள்? போன வருஷத்துப் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேதியை மாற்றுகிறார்கள், இல்லாவிட்டால் இயந்திரத்திடம் கொடுத்துவிடுகிறார்கள். நமக்குப் பின் சொத்து யாருக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்துவைக்கிற 'எஸ்டேட் பிளானிங்' ஒரு கட்டுரையில் 'தோட்டத் திட்டமிடல்' ஆகிக் கிடந்தது. வால்பாறையில் தேயிலை போடுவது எப்படி என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். "இருக்கும்போதே ஒரு ஏற்பாடு பண்ணிடணும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருந்தால் 'சொத்து ஏற்பாடு' கிடைத்திருக்கும். பத்திரப் பதிவிலும் 'ஏற்பாடு ஆவணம்' என்ற வழக்கு ஏற்கெனவே உண்டு.

நாமினிக்கு என்ன சொல்லலாம்? 'நியமனதாரர்' பரவாயில்லை, தப்பான பொருள் தரவில்லை. ஆனால் பணிநியமன வாடை அடிக்கிறது. காப்பீட்டில் இன்னொரு இடைஞ்சலும் உண்டு. நாமினி பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் அவர் சார்பில் பணம் வாங்க இன்னொருவரை நியமிக்க வேண்டும். ஒரே படிவத்தில் நியமனதாரரும் நியமிக்கப்பட்டவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் யார் எவர் என்று எப்படித் தெரியும்? 'பெயர்குறித்தவர்' நேர் மொழிபெயர்ப்பு, ஆனால் எதற்காகக் குறித்தார்கள் என்று சொல்வதில்லை.

நான் சொல்வது 'பொறுப்புப் பெறுநர்'. பெறுநர், பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதிய எவருக்கும் தெரிந்த சொல். பொறுப்பு, நம் அலுவலகங்களில் கதவுப் பலகையிலேயே இருக்கிறது: வட்டாட்சியர் (பொறுப்பு). உரியவர் வரும்வரை நாற்காலியைப் பார்த்துக்கொள்பவர். நாமினிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 2015இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். தன் ஆயுள் பாலிசிக்குப் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை ஒருவர் நாமினியாகப் போட்டால் பணத்தின் பயனும் அவர்களுக்கே என்று மாற்றினார்கள். அந்த வகைக்கு 'உரிமைப் பெறுநர்' என்று போட்டுவிடலாம். 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புத்தொகைக்கு நான்கு பேர்வரை போடலாம், சதவீதம் பிரித்தோ ஒருவருக்குப் பின் ஒருவராகவோ. லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் மட்டும். புதுப் படிவங்கள் அச்சுக்குப் போகிற நேரம் இது. 'முதலாம் வாரிசுதாரர், இரண்டாம் வாரிசுதாரர்' என்று அடித்து வைத்தால் ஒரு வீட்டுக்கு நான்கு அண்ணிகள் ரசீதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.