நைலில் படகு எங்கே கட்டும் என்று முதலில் கேளுங்கள்

"தம்பி, அபு சிம்பல் கோயிலுக்கு நம்ம படகு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?"

எகிப்தின் அஸ்வானில், பயணம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, எங்கள் குழுவில் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டார். "படகு போகாது சார், நடுவில் அணை இருக்கிறது" என்றேன். பையிலிருந்து பயணத் திட்டத் தாளை எடுத்து நீட்டினார். "நைல் படகுப் பயணம், அபு சிம்பல் வரை" என்று அதில் ஒரே வரியாக அச்சாகியிருந்தது. அங்குள்ள ஒரு முகவர் அனுப்பிய தாள் அது. சரிபார்க்காமல் அப்படியே எல்லோருக்கும் கொடுத்தது நான்.

1970இல் கட்டி முடித்த அஸ்வான் உயர் அணைக்கு வடக்கே நைல், தெற்கே நாசர் ஏரி. வடக்கே உள்ள லக்சர் நகரிலிருந்து வரும் எந்தப் படகும் அணையைத் தாண்டாது. அபு சிம்பலுக்கு அஸ்வானிலிருந்து சாலையில் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். இருட்டோடு எழுந்து வண்டியில் போக வேண்டும், அல்லது விமானம் பிடிக்க வேண்டும். ஏரியில் ஓடும் கப்பல்கள் உண்டு. அது தனிப் பயணம், தனிக் கட்டணம். ஆசிரியரை மறுநாள் வண்டியில் அனுப்பினேன், செலவு என்னுடையது. அன்றிலிருந்து கோயில் பட்டியலைக் காட்டி நான் யாரிடமும் முன்பணம் வாங்குவதில்லை. படகு எங்கிருந்து கிளம்பும், எங்கெங்கே கட்டும், எந்த நேரத்தில் கட்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் மற்ற பேச்சு.

பட்டியலைப் பார்த்தால் எல்லாப் படகும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: எஸ்னா, எட்ஃபு, கொம் ஓம்போ, ஃபிலே. வித்தியாசம் நேரத்தில்தான். பெரிய கப்பல்கள் எட்ஃபுவுக்கு ஒரே சமயத்தில் வந்து நிற்கும். கரையில் இடம் போதாமல் ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கட்டுவார்கள். உங்கள் கப்பல் நான்காவதாக நின்றால், மற்ற மூன்று கப்பல்களின் வரவேற்பறை வழியாக நடந்துதான் கரையேற வேண்டும். நைலைப் பார்க்கக் கூடுதல் பணம் கொடுத்து எடுத்த அறையின் சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பல்காரரின் கட்டில் தெரியும். அப்புறம் குதிரை வண்டிக்கு வரிசை, டிக்கெட்டுக்கு வரிசை.

எட்ஃபு அவசரமாகப் பார்க்கும் கோயிலா? கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57இல் முடித்த கோயில், 180 ஆண்டு வேலை. நூற்றாண்டுகளாக மணலில் புதைந்து கிடந்ததால்தான் இன்றும் கூரையோடு நிற்கிறது. உள்ளே போகப் போகத் தரை கொஞ்சம் கொஞ்சமாக உயரும், கூரை தாழும், வெளிச்சம் குறையும். கருவறையில் ஒரே கல்லில் குடைந்த மாடம் இருக்கிறது. அது இந்தக் கோயிலைவிடப் பழையது, இரண்டாம் நெக்தனெபோ என்ற எகிப்திய அரசர் காலத்தது. நம் ஊர்க் கோயில்களில் நடந்து பழகியவர்களுக்கு அந்த இருட்டு உடனே புரிந்துவிடும், விளக்கம் தேவைப்படாது. ஆனால் முன்னும் பின்னும் இருநூறு பேர் கைப்பேசி வெளிச்சத்தோடு நின்றால் இருட்டு எங்கே இருக்கும்?

அதனால்தான் பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் நான் தஹபியா எடுக்கச் சொல்கிறேன். இரண்டு பாய்மரம், சில அறைகள், மேல்தளத்தில் ஒரே சாப்பாட்டு மேசை. பெரும்பாலும் எஸ்னாவிலிருந்து கிளம்பித் தெற்கே அஸ்வான் வரை போகும். எஸ்னாவில் கிளம்புவதற்குக் காரணம் உண்டு. அங்கே தடுப்பணையும், கப்பல்களை ஏற்றி இறக்கும் மதகுப் பூட்டும் இருக்கின்றன. லக்சரிலிருந்து வரும் கப்பல்கள் அங்கே முறைக்காகக் காத்துக் கிடக்கும். (காத்திருக்கும் நேரத்தில் சிறு படகுகளில் வியாபாரிகள் வந்து, துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேல்தளத்துக்கு எறிவார்கள். பிடித்தால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.) எஸ்னா கோயிலே ஊர்ச் சந்தைக்கு நடுவே, தெருமட்டத்திலிருந்து ஏறத்தாழ 9 மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது. கரியைத் துடைத்தெடுத்த அதன் விதானத்தின் நிறங்களை அண்ணாந்து பார்க்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

நைல் வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. தெற்கே போகப் பாய், வடக்கே வர நீரோட்டம். பழைய எகிப்திய எழுத்தில் தெற்கே போவதற்குப் பாய் விரித்த படகையும், வடக்கே வருவதற்குப் பாய் இறக்கிய படகையும் வரைந்தார்கள். ஆனால் காற்று விழுந்துவிட்டால் தஹபியாவை ஓர் இழுவைப்படகு இழுத்துப் போகும். இது ஏமாற்று வேலை இல்லை, தேவைதான். "பாய்மரப் பயணம்" என்று படம் காட்டிவிட்டு நாள் முழுக்க இழுப்பவர்களும் உண்டு என்பதால், காற்று இருக்கும் நாளில் பாய் விரிப்பீர்களா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

சிறு படகின் உண்மையான லாபம் கெபல் சில்சிலா. ஆறு குறுகும் இடத்தில் இரு கரையிலும் மணற்கல் குவாரி. லக்சரின் கர்நாக் கோயிலுக்கும் எட்ஃபுவுக்கும் கல் போனது இங்கிருந்துதான். கல்லைச் சதுரம் சதுரமாக வெட்டிய சுவரில் உளித் தடம் இன்னும் வரிவரியாக இருக்கிறது. நான் விரல் வைத்துப் பார்த்தேன், பள்ளம் கூர்மையாகவே இருந்தது. பெரிய கப்பல்கள் நிற்காமல் கடந்து போகும். நாங்கள் கரையோரம் கட்டிவிட்டுத் தேநீர் குடித்தோம்.

கொம் ஓம்போவுக்குப் பெரிய கப்பல்கள் மாலையில் மொத்தமாக வரும். அதற்கு முன்பே போய்விடுங்கள். முதலைத் தெய்வம் சோபெக்குக்கு ஒரு பாதி, பருந்துத் தெய்வம் மூத்த ஹோரஸுக்கு ஒரு பாதி என்று நடுவில் பிரித்த கோயில். பக்கத்திலேயே முதலை மம்மிகள்.

வயதானவர்களை அழைத்துப் போவோர் கவனிக்க வேண்டியது கரைப்பலகை. பல இடங்களில் படித்துறை கிடையாது. படகுக்கும் மண்கரைக்கும் நடுவே ஒரு பலகை, அவ்வளவுதான். மாலுமி கை கொடுப்பார். முழங்கால் மடங்காதவர்களுக்கு அது போதாது. அவர்களுக்குப் பெரிய கப்பலே நல்லது, இதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

முழங்கால் என்றதும் இன்னொன்று. டிரமடால் கலந்த வலி மாத்திரை நம் ஊரில் மருத்துவர் சாதாரணமாக எழுதிக் கொடுப்பது. எகிப்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, அதைக் கொண்டுபோய்ச் சிறைக்குப் போன பயணிகள் உண்டு. குழுவில் ஒவ்வொருவரின் மாத்திரைப் பட்டியலையும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கிப் பார்த்துவிடுகிறேன். டிரோன் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறேன், அனுமதியில்லாமல் கொண்டுபோக முடியாது.

காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. கோடையில் அஸ்வானில் 40 டிகிரியைத் தாண்டும், விலை பாதிதானே என்று போகாதீர்கள்.

கடைசியாக, லக்சரில் ஒரு நாள் கூடுதலாக இருக்க முடிந்தவர்களை நான் சாலை வழியாக வடக்கே தெந்தெரா கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். வழியில் கிஃப்த் என்று ஓர் ஊர், பழைய கோப்டோஸ். பண்டைக் காலத்தில் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் இறங்கிய நம் பக்கத்து மிளகு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து இங்கே வந்துதான் நைல் படகில் ஏறியது. பெரெனிகேயில் ஒரு கோயில் தரையில் புதைத்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. இன்னொரு துறைமுகமான குசைர் அல் கதீமில் கணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. கிஃப்தில் பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை என்று வழிகாட்டி முன்கூட்டியே சொல்லிவிடுவார். இருந்தாலும் வண்டியை நிறுத்தச் சொல்வோம். சென்ற முறை ஓர் அம்மா மட்டும் இறங்கி, சாலையோரக் கடையில் கால் கிலோ மிளகு வாங்கிக்கொண்டு ஏறினார்.