வம்சாவளி: கடைசியில் ளியா, ழியா?

போன மாதம் இங்கே மொரீஷியஸில் ரோஸ் ஹில்லிலிருந்து என் நாத்தனார் மகன் ஒரு படம் அனுப்பினான். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ (இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கக் கிளம்பியவன், கையோடு பெரிய தாளில் குடும்பத்தார் பெயரையெல்லாம் கட்டம் கட்டி எழுதி, மேலே யாரிடமோ கேட்டுத் தமிழில் தலைப்பும் போட்டிருந்தான்: "வம்சாவழி". அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் சரியான இடத்தில்தான் கை வைத்தான். "அத்தை, நீங்கள் எழுதினால் ளி வருகிறது, இவர் ழி போட்டிருக்கிறார், எது சரி?"

ளிதான் சரி. வம்சம் + ஆவளி. ஆவளி என்றால் வரிசை. தீபங்களின் வரிசை தீபாவளி, வம்சத்தின் வரிசை வம்சாவளி. இரண்டும் வடசொல். பழைய தமிழ்ப் புத்தகங்களில் வமிசம், வமிசாவளி என்று இருக்கும், அதுவும் இதே சொல்தான். வம்சம் என்பதற்கு வடமொழியில் முதல் பொருள் மூங்கில். ஒரு கணுவுக்கு மேல் இன்னொரு கணுவாக மூங்கில் வளர்வதைப் பார்த்துத்தான் அதைக் குலத்துக்கும் சொல்லியிருக்கிறார்கள். நமக்கும் இது புதிதில்லை, "ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல்" என்றுதானே கல்யாண வீட்டில் வாழ்த்துகிறோம்.

அப்புறம் ஏன் இத்தனை பேர் ழி போடுகிறார்கள்? காது அவர்களை ஏமாற்றவில்லை என்பேன். தமிழில் வழி என்ற சொல்லுக்கே சந்ததி என்ற பொருள் உண்டு. பழிக்கு அஞ்சிப் பகுத்து உண்பவனுக்கு "வழியெஞ்சல் எஞ்ஞான்றும் இல்" என்கிறது குறள். அங்கே வழி என்பது நடக்கிற பாதை இல்லை, அவனுக்குப் பின் வருகிறவர்கள். வழித்தோன்றல், வழிமரபு, கால்வழி எல்லாம் அந்த வேரில் வந்தவை. ஆக, வம்சாவழி என்று எழுதுகிறவர் வடசொல்லைத் தப்பாக எழுதுகிறார், மனசுக்குள் இருக்கிற தமிழ்ச் சொல் வெளியே எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

தனித்தமிழ்ச் சொல் வேண்டும் என்றால் என் ஓட்டு கொடிவழிக்கு. குடும்ப மரம் என்று இப்போது எழுதுவது ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியது, நம் பேச்சில் இருப்பது கொடி: குலக்கொடி, தொப்புள்கொடி. வாரிசு என்ற சொல்லை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். அது அரபியிலிருந்து வந்தது, சொத்துக்காகக் கீழ்நோக்கிப் போகிற சொல். ஊரில் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இறந்தவருக்குப் பின் யார் யார் என்று சொல்லும். நமக்கு வேண்டியது மேல்நோக்கி ஏறுகிற சான்று.

சரி, எவ்வளவு மேலே? இந்தியச் சட்டப்படி ஓசிஐ பொதுவாகக் கொள்ளுப்பேரன் வரைதான். அதாவது 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அந்த நாளில் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவர், அல்லது 1947 ஆகஸ்ட் 15க்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவர், இவர்களில் ஒருவருக்குப் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று காட்ட வேண்டும். மொரீஷியஸ்காரர்களுக்கு அது போதாது, கொள்ளுத்தாத்தாவே இங்கே கரும்புத் தோட்டத்தில் பிறந்தவராக இருப்பார். 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இங்கே வந்தபோதுதான் 7ஆம் தலைமுறை வரை தரலாம் என்று அறிவித்தார். பெயரில் குடிமகன் என்று இருந்தாலும் இது முழுக் குடியுரிமை இல்லை, வாக்குரிமை கிடையாது. வம்சாவளிக் குடியுரிமை என்று சொன்னால் அது இந்தியக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு உரியது, வேறு பிரிவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

7 என்றதும் வாட்ஸ்அப்பில் அந்தப் பழைய செய்தி மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது: நாம், தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன், ஏழாவதில் ஆண் பரன், பெண் பரை, அதனால்தான் "பரம்பரை" என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. பரம்பரை வடசொல், ஒன்றுக்குப் பின் ஒன்று என்று பொருள். பாட்டன், பூட்டன் எல்லாம் நல்ல சொற்கள்தான், அவற்றை நிரூபிக்க இந்தக் கதை தேவையில்லை.

இனி காகிதம். 1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சுமார் 4½ லட்சம் பேர் இந்தத் தீவில் இறங்கினார்கள். அவர்களின் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலிலும் சேர்ந்தன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஊர், சிலருக்குப் புகைப்படம்கூட. முதல் கணு கிடைத்துவிட்டது என்று குதிக்கிறோம். சிக்கல் நடுக் கணுக்களில். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் முத்துசாமி ஒரு தாளில் மூத்தூசாமி, அடுத்த தாளில் முத்துசமி. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, அரசுப் பதிவு இல்லை என்றால் பிள்ளையின் ஆக் நெசாங்ஸில், அதாவது பிறப்புப் பதிவில், அப்பா பெயர் இருக்கும் இடம் வெறுமையாக இருக்கலாம். இப்படி விட்டுப்போன இடத்தில் முதலில் தேட வேண்டியது கல்யாணப் பதிவைத்தான், அதில் இரண்டு பக்கத்துப் பெற்றோர் பெயரும் இருக்கும், ஒரே தாள் இரண்டு தலைமுறையைக் கட்டிவிடும். அப்புறம் இறப்புப் பதிவு.

பதிவேட்டில் எண்ணே இல்லாத தமிழர்களும் இருக்கிறார்கள், அவர்கள்தான் மூத்தவர்கள். பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொன்னே காலத்தில், 1730களில், புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த கைவினைஞர்கள். போர்ட் லூயியில் அவர்கள் இருந்த பகுதிக்கு "காம் தே மலபார்" என்று பெயர். தமிழரைத்தான் அப்படி எழுதினார்கள், கேரளத்தோடு சம்பந்தமில்லை. ஒப்பந்தக் கூலி முறைக்குச் சுமார் நூறு வருஷம் முன்பே வந்தவருக்கு ஒப்பந்தக் கூலி எண் எங்கிருந்து வரும்? இவர்களை ஞானஸ்நானப் பதிவிலும் நொத்தாரி (நோட்டரி) பத்திரத்திலும் தேட வேண்டும். 1947க்குப் பின் சேர்ந்த நிலப்பகுதி என்றேனே, பிரெஞ்சுக்காரர் 1954இல் விட்டுக்கொடுத்த புதுச்சேரி அதில் வரும். ஆனால் அதற்குள் இவர்கள் 7 தலைமுறையைத் தாண்டியிருப்பார்கள் என்பது தனிச் சோகம்.

நாத்தனார் மகன் தலைப்பை அடித்துவிட்டுக் "கொடிவழி" என்று எழுதிவிட்டான், ழி கொஞ்சம் கோணல். ஐந்தாவது கட்டம் இன்னும் காலி. ஒரு கிழவியின் பெயர் மட்டும் தெரியும், அதுவும் என் மாமியார் வாய்ச்சொல்லாக. அவளுடைய கல்யாணப் பதிவைத் தேடி வியாழக்கிழமை போர்ட் லூயி போகிறான்.