எருக்கை வெட்டுவதற்கு முன்னால்

பட்டாம்பூச்சிக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராக நர்சரிக்குத்தான் போகிறார்கள். கலர் கலராகப் பூக்கிற செடி நாலு வாங்கி வைத்தால் தானாக வந்துவிடும் என்ற நினைப்பு. வரும், தேன் குடிக்கும், போய்விடும். அது அங்கேயே தங்கி முட்டை போட்டுப் பெருக வேண்டுமென்றால் புழுவுக்கான இலை வேண்டும், அதுவும் அந்தந்த இனத்துக்கென்று உள்ள இலை. வடசென்னையில் அந்த இலை ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது, யாரும் நடவே வேண்டாம், வெட்டாமல் விட்டால் போதும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. கொருக்குப்பேட்டை தண்டவாள ஓரம், வியாசர்பாடி கால்வாய்க் கரை, மணலி பக்கம் பூட்டிக் கிடக்கிற கம்பெனிச் சுவரோரம், எங்கே பார்த்தாலும் எருக்கு. ‘உன் வீட்ல எருக்கு முளைக்க’ என்று சாபம் விடுகிற ஆட்கள் நாம். விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்ட மட்டும் தேடுவோம், மற்ற நாளெல்லாம் அது வெறும் புதர்.

அந்தப் புதரைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில், இறக்கை நுனியில் கறுப்பும் அதற்குள் வெள்ளைப் பட்டையுமாக ஒன்று நிதானமாகப் பறந்துகொண்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். அதன் பெயர் வெந்தய வரியன். பெண் பூச்சி ஒவ்வொரு இலையாக உட்கார்ந்து முன்னங்காலால் தட்டிப் பார்க்கும், ஏனென்றால் அதற்கு ருசி தெரிவதே காலில்தான். எருக்கு வகையறாவின் ரசாயனம் காலில் பட்டால்தான் வயிற்றை வளைத்து இலையின் அடியில் ஒரு முட்டை வைக்கும், பெரும்பாலும் இலைக்கு ஒன்று. தப்பான செடியில் வைத்தால் பொரிந்து வரும் புழு பட்டினியால் சாக வேண்டியதுதான்.

இனி புழு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகள், முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு மாதிரி நீட்டல்கள். எருக்கை ஒடித்தால் பிசுபிசுவென்று பால் வடியுமே, அந்தப் பால் புழுவின் வாயை ஒட்ட வைத்துவிடும், நஞ்சும் கூட. ஓரளவு வளர்ந்த புழு என்ன செய்கிறதென்றால், இலையின் நடு நரம்பைக் காம்புக்குப் பக்கத்தில் கடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கும். பால் அங்கேயே சொட்டி வடிந்துவிடும், இலை லேசாகத் தொங்கும், அப்புறம் நிதானமாக நுனிப்பக்கம் போய்ச் சாப்பிடும். காலை நேரத்தில் ஒரு எருக்கஞ்செடி முன்னால் பொறுமையாக நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மிச்ச நஞ்சில் ஒரு பங்கை உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் பெரிய பூச்சியானதும் அதற்குப் பறப்பதில் அவசரமே இல்லை, ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை மறுபடி கிட்டே வராது. இன்னொரு இனத்தின் பெண் பூச்சி, நஞ்சு இல்லாதது, வெந்தய வரியன் மாதிரியே வேஷம் போட்டுத் தப்பிக்கிறது. அதன் புழு தின்பது பருப்புக்கீரையை. வெந்தய வரியன் ஆணுக்கோ காய்ந்த தேள்கொடுக்குச் செடியிலும் கிலுகிலுப்பையிலும் உள்ள ஒரு சத்து வேண்டும், அதிலிருந்துதான் பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்கிறது. இந்தச் செடிகளில் பாதி நம் கணக்கில் களை.

இப்போது வேலைக்கு வருவோம். காலி மனையைச் சுத்தம் பண்ணக் கூடாது என்று நான் சொல்லவில்லை, பாம்பு பயமும் கொசு பயமும் நியாயமானவை. ஆனால் கொசு பெருகுவது எருக்கிலையில் இல்லை, அதன் கீழே கிடக்கிற பிளாஸ்டிக் கப்பிலும் டயரிலும் தேங்கின தண்ணீரில். குப்பையை அள்ளுங்கள், செடியை விடுங்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் இன்றைக்குப் பாதி, மீதியை ஒரு மாதம் கழித்து. நம் ஊர் வெயிலில் முட்டை பூச்சியாவதற்கு மூன்று நாலு வாரம் ஆகும் என்பதுதான் கணக்கு. தெருவில் இரண்டு பேர் சேர்ந்து, வெட்ட வருகிற தூய்மைப் பணியாளர்களிடம் இலையைத் திருப்பி அந்தப் புழுவைக் காட்டினால் போதும். இது அரிக்காது. முருங்கையில் அப்பிக் கிடக்கிற கம்பளிப்பூச்சிதான் அரிக்கும், அதுவும் ஒரு அந்துப்பூச்சியின் பிள்ளை, தொடாமல் தள்ளி நில்லுங்கள்.

மொட்டைமாடித் தொட்டியில் கறிவேப்பிலை மொட்டையாகிறதே என்ற புலம்பல் பெரம்பூரிலும் கேட்கும், தண்டையார்பேட்டையிலும் கேட்கும். பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் புழுவும் ஒரு பட்டாம்பூச்சியின் பிள்ளைதான், கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும். மருந்தடிக்க வேண்டாம், கூடுதலாக ஒரு தொட்டி வைத்து அதில் மாற்றி விடுங்கள். குழம்புக்கு ஒரு செடி, அதற்கு ஒரு செடி.

எண்ணிக்கை எடுப்பதும் தொண்டுதான், சொல்லப்போனால் அதுதான் ரொம்ப நாள் பயன்படும். பிரிட்டனில் எர்னஸ்ட் பொலார்ட் 1970-களில் உருவாக்கிய முறை ரொம்ப எளிது: ஒரே பாதை, ஒரே நிதான நடை, இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அதற்குள் தென்படுவதை மட்டும் குறித்துக்கொள்வது, வாராவாரம். அங்கே 1976-இல் தொடங்கி இன்னமும் எண்ணுகிறார்கள். மாதவரம் பூங்காவிலோ ரெட்டேரிக் கரையிலோ காலை வெயில் ஏறும் நேரத்தில் நாமும் செய்யலாம். படத்தைத் தேதியோடும் இடத்தோடும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றினால் பெயர் தெரியாததற்கும் யாராவது பெயர் சொல்வார்கள்.

அந்துப்பூச்சிகளுக்கு இரவில் வேறு கதை. விளக்கை நிலா என்று நினைத்து விட்டில் விழுகிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். 2024-இல் வந்த ஒரு ஆய்வு, அதிவேகக் கேமராவில் படம் பிடித்து, பூச்சி தன் முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறது என்று காட்டியது. இரவில் தரையை விட வானம் வெளிச்சம், அதனால் முதுகை அந்தப் பக்கம் வைத்தால் நேராகப் பறக்கலாம். பக்கத்தில் ஒரு பல்பு எரிந்தால் முதுகு அதன் பக்கம் சாய்ந்து, சுற்றிச் சுற்றி வருகிறது. மேல்நோக்கி எரியும் விளக்கைக் கடக்கும்போது தலைகீழாகப் புரண்டு விழுகிறது. அதனால் மாடி விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, தேவையில்லாதபோது அணைத்தாலே பெரிய உதவி.

ஜூலைக் கடைசியில் உலகம் முழுக்க அந்துப்பூச்சி வாரம் நடக்கும். அமாவாசையை ஒட்டி மாடிக்கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் ஒரு விளக்கை வைத்து, வருவதைப் படமெடுங்கள். ஓரிரண்டு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு, வேட்டியில் ஒட்டியிருப்பதையெல்லாம் மெதுவாகச் செடிகளுக்குள் உதறி விடுங்கள், அப்படியே விட்டால் விடிந்ததும் காக்காய் வரிசையாகக் கொத்திக்கொண்டு போய்விடும்.