ஒன்பது இடத்தில் வேலை செய்தவர் நேர்முகப் பரீட்சையில் என்ன சொல்வது?

திருகோணமலையில் ஆள் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமான பயோடேட்டா ஒன்று உண்டு. ஏ/எல் முடித்த வருடத்திலிருந்து இன்றுவரை ஒன்பது, பத்து வேலை. ஒன்று நாலு மாதம், ஒன்று ஐந்து மாதம், இன்னொன்றுக்கு மாதமே இல்லை, வருடம் மட்டும்தான். முகாமையாளர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓர் இடத்தில நிக்கிற ஆள் இல்ல போல" என்று அடுத்த ஃபைலை எடுத்துவிடுவார். மனிதவளப் பிரிவில் இருக்கும் எனக்கு இது வாடிக்கையான காட்சி. அநேகமான நேரம் அந்த முடிவு பிழையானது. ஆனால் அப்படி முடிவெடுக்க வைத்ததும் அந்தத் தாள்தான்.

நம்முடைய ஊரில் வேலைகளே அப்படித்தான் கிடைக்கின்றன. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் சித்திரைக்குப் பிறகு சீசன் தொடங்கும், புரட்டாதியோடு அடங்கும். வாடை மழை வந்தால் பாதிப் பேர் வீட்டுக்கு. சீனக்குடாப் பக்கத் தொழிற்சாலை வேலைகளுக்கு மேன்பவர், அதாவது கம்பனிகளுக்கு ஆள் வழங்கும் நிறுவனங்கள், ஊடாகப் போகிறவர்கள் நிறையப் பேர். என்ஜிஓ வேலை ப்ரொஜெக்ட் காசு இருக்கும் மட்டும். இவற்றுக்கு மேல் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2020 கொரோனா, 2022 எரிபொருள் தட்டுப்பாடு என்று சுற்றுலாத்துறை அடுத்தடுத்து விழுந்தது. இந்தக் காலத்தில் ஓர் ஹோட்டல் பெடியனின் பயோடேட்டாவில் இடைவெளி இல்லாவிட்டால்தான் நான் சந்தேகப்படுவேன்.

சட்டமும் ஒரு காரணம். வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், 180 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்குப் பாதுகாப்புக் கொடுப்பதில்லை. அதனால் ஐந்து, ஐந்தரை மாதத்தில் ஆளை நிறுத்திவிட்டு, கொஞ்ச நாள் கழித்துப் புதுக் கடிதத்தோடு அதே வேலைக்கு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்தவர் அதே மெஷினில்தான் நின்றிருப்பார், கடிதம் மட்டும் மூன்று இருக்கும். அந்த மூன்று கடிதத்தையும் மூன்று வேலையாகப் போட்டு பயோடேட்டா எழுதினால் நட்டம் அவருக்குத்தான்.

அண்மையில் ஒரு தம்பியின் பயோடேட்டாவை அவரோடு இருந்து திருத்தினேன். ஒன்பது வரி. கேட்கக் கேட்கத்தான் விஷயம் வந்தது: மூன்று வரி நிலாவெளியில் ஒரே ஹோட்டலின் மூன்று சீசன். மூன்று வரி மேன்பவர் ஊடாக ஒரே தொழிற்சாலை. இரண்டு, வீடுவீடாகப் போய்த் தகவல் சேகரித்த ப்ரொஜெக்ட்கள். ஒன்று, டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடை. நாலு தலைப்பாக்கினோம். முதல் வரி இப்படி அமைந்தது: "உணவு பரிமாறுபவர், நிலாவெளி, 2016, 2017, 2018 சீசன்கள். இரண்டாம், மூன்றாம் சீசனுக்கு ஹோட்டலே மீண்டும் அழைத்தது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எழுதவே நினைத்திருக்கவில்லை. எனக்கோ முழுத் தாளிலும் பெறுமதியானது அதுதான். தற்காலிக வேலை செய்தவரைப் பற்றி முதலாளிக்கு இருக்கிற பயம், இவரைப் பழக்கி எடுக்க மூன்று மாதம் போகும், நாலாவது மாதம் போய்விடுவாரோ என்பது. அதற்கு "நான் நேர்மையானவன், கடின உழைப்பாளி" என்பது பதிலாகாது. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நிறுத்தி அனுப்பிய இடமே திருப்பிக் கூப்பிட்டது என்றால் அது வேறு கதை. பிடிக்காத ஆளை யாரும் இரண்டாம் தடவை கூப்பிடுவதில்லை. ஆகவே உங்கள் பட்டியலில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: யார் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள், யார் கொன்ட்ராக்டை நீட்டினார்கள், யார் என்னை இன்னோர் இடத்துக்குச் சிபாரிசு செய்தார்கள்?

மேன்பவர் ஊடாக வேலை செய்தவர்கள் இரண்டு பெயரையும் எழுதுங்கள்: வேலை செய்த இடம், சம்பளம் தந்த இடம். கம்பனியின் நிரந்தர ஊழியர் போலக் காட்ட வேண்டாம். ஒரு கோல் எடுத்தால் தெரிந்துவிடும். அப்புறம் உண்மையாகச் செய்த வேலையையும் நம்பமாட்டார்கள்.

நேர்முகத்தில் "தம்பி, ஏன் இவ்வளவு இடம் மாறியிருக்கிறீங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு வேலையாக எடுத்துக் காரணம் சொல்லத் தொடங்கினால் கேட்கிறவருக்குச் சாட்டுச் சொல்வது போலத்தான் படும். நான் அந்தத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்:

"சேர், ஏழு வேலை கொன்ட்ராக்ட் முடிஞ்சு நிண்டது. ரெண்டு நானா விட்டது: ஒண்டு அம்மாவின்ர ஒபரேஷன் நேரம், மற்றது சம்பளம் ஒழுங்கா வராததால. நிலாவெளி ஹோட்டல் மூண்டு சீசனும் என்னைக் கூப்பிட்டது. வருஷம் முழுக்க உள்ள வேலை வேணும் எண்டுதான் இங்க வந்திருக்கிறன்."

தானாக விட்ட இரண்டையும் அவர் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இரண்டைச் சொன்னதால்தான் மற்ற ஏழையும் நம்ப முடிகிறது. பழைய முதலாளியின் குறை ஒரு வரியோடு நிற்கட்டும். இரண்டாம் வரிக்குப் போனால், நாளைக்கு எங்களைப் பற்றியும் இப்படிச் சொல்வார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

சரி, சேவைக் கடிதம் இல்லாதவர்கள்? ஈபிஎஃப் என்று நாம் சொல்லும் ஊழியர் சேமலாப நிதி தற்காலிக, அமைய ஊழியர்களுக்கும் முதல் நாளிலிருந்தே உரியது. சம்பளத்தில் 8 வீதம் உங்களுடையது, 12 வீதம் முதலாளியுடையது. ஈடிஎஃப் எனும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். இந்தக் கணக்குகளின் பதிவே நீங்கள் எங்கே எவ்வளவு காலம் நின்றீர்கள் என்பதற்கான சாட்சி. ஒவ்வொரு முதலாளியிடமும் அங்கத்துவ இலக்கம் வேறாக இருக்கும் என்பதால், இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். காசு கட்டப்படுகிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். கட்டவில்லை என்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

மேசன், வயரிங், சமையல் என்று கைத்தொழிலில் வருடக்கணக்காக நின்று, ஒரு துண்டுக் கடிதமும் இல்லாதவர்களுக்கு என்விக்யூ எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் நல்ல வழி. பயிற்சி நெறி படிக்காமலே, ஏற்கெனவே உள்ள அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் ஆர்பிஎல் முறை அதில் இருக்கிறது. அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டாவில் விசாரியுங்கள். வேலையைச் செய்துகாட்டச் சொல்வார்கள். செய்த வேலைகளின் படங்கள் ஃபோனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

பழைய சுப்பர்வைசர்மாரின் நம்பர் இன்னும் வேலை செய்கிறதா என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். அப்படியே "உங்கட பேரைக் குடுக்கலாமா அண்ணா?" என்றும் கேட்டுவிடுங்கள். முன்னறிவித்தல் இல்லாமல் கோல் போனால், நல்ல மனிதரும் "யார், எந்தப் பெடியன்?" என்றுதான் கேட்பார்.

கடைசியாக ஒரு கேள்வி வரும், பட்டதாரிகளுக்கு நிச்சயமாக வரும்: "கவர்மென்ட் வேலை கிடைச்சாப் போயிடுவீங்கதானே?" இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னால் ஒருவரும் நம்பப்போவதில்லை, கேட்கிறவரின் வீட்டிலும் ஒருவர் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பார். விண்ணப்பித்திருந்தால் ஆம் என்று சொல்லுங்கள். கூடவே, கிடைத்தாலும் ஒரு மாதம் முன்கூட்டி அறிவித்து, அடுத்தவருக்கு வேலையைக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றும் சொல்லுங்கள். ஏற்கெனவே ஓர் இடத்தில் அப்படிச் செய்திருந்தால் அந்த இடத்தின் பெயரையும் கொடுங்கள்.